பாப்பாவை எதில் சேர்ப்பது? கஞ்சிக்கோட்டில் இருந்து கேட்ட ஒரு அப்பாவுக்கு

அண்ணா, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. பிளஸ் டூ முடிக்கப் போகும் பாப்பாவைக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ப்பதா, இல்லை பாலக்காட்டுக்கே பெரிய தொழில் நகரம் வரப்போகிறது என்கிறார்களே, இங்கேயே ஏதாவது படிக்க வைப்பதா என்பது ஒன்று. எந்தத் தலைவர் பேச்சை நம்புவது என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் பேசிவிடுவோம். பிள்ளைகளின் படிப்பு அதில்தான் அதிகம் தடம் மாறுகிறது.

நம் பாலக்காடு கஞ்சிக்கோட்டுக்கு வரும் என்று சொன்ன கோச் ஃபேக்டரி, அதாவது ரயில் பெட்டித் தொழிற்சாலை, அதன் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. இந்திரா காந்தி காலத்திலேயே பேச்சு எழுந்து, கடைசியில் அது பஞ்சாபில் கபூர்தலாவுக்குப் போனது. 2008 ரயில்வே பட்ஜெட்டில் லாலு பிரசாத் மறுபடி அறிவித்தார். 2012ல் அப்போதைய ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி வந்து அடிக்கல் நாட்டினார். நிலமும் எடுத்துக் கொடுத்தாயிற்று. இன்றுவரை அங்கே ஒரு பெட்டி கூடத் தயாராகவில்லை. அதை நம்பி ஃபிட்டர், வெல்டர் படித்துவிட்டு ஊரிலேயே உட்கார்ந்திருந்த பையன்களை எனக்குத் தெரியும். அந்த வருஷங்களை அவர்களுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

ஐ.டி.யிலும் இதே கதை உண்டு. கொச்சி ஸ்மார்ட் சிட்டிக்கு 2007ல் அச்சுதானந்தன் ஆட்சியில் ஒப்பந்தம் போட்டபோது 90,000 வேலை என்றார்கள். உம்மன் சாண்டி 2016ல் முதல் கட்டிடத்தைத் திறந்தார். 2024 டிசம்பரில் பினராயி விஜயன் அமைச்சரவை, ஒப்பந்தம் போட்ட துபாய் நிறுவனமான டீகாமை விலக்கிவிட்டு நிலத்தைத் திரும்ப எடுப்பது என்று முடிவு செய்தது.

அதற்காக எல்லாமே வெறும் பேச்சு என்று சொல்லிவிட முடியாது. திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் என்ற ஐ.டி. பூங்காவைப் பாருங்கள். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று இடதுசாரிகள் போராடிய காலம் அது. அந்த இடதுசாரிகளின் நாயனார் ஆட்சிதான் 1990ல் அதைத் தொடங்கியது. கேரள அரசின் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமான கெல்ட்ரானை வளர்த்த கே.பி.பி. நம்பியார் முன்னால் நின்றார். அடுத்து வந்த காங்கிரஸ் ஆட்சி அதைக் கிடப்பில் போடவில்லை. 1995ல் நரசிம்ம ராவ் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஹைதராபாத்திலும் அப்படித்தான். சந்திரபாபு நாயுடு 1998ல் சைபர் டவர்ஸைக் கொண்டுவந்தார், 2004 தேர்தலில் தோற்றார், பின்னால் வந்தவர்கள் அந்த வேலையை நிறுத்தவில்லை. ஆட்சி மாறின பிறகும் எது நடக்கிறதோ அதை நம்பலாம் என்பதுதான் நான் பெற்றோரிடம் சொல்லும் கணக்கு. அப்போதும் ஒன்று கவனியுங்கள்: தொடங்கிய வருஷத்துக்கும், நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் கூட்டமாக உள்ளே போன வருஷத்துக்கும் நடுவே பத்து வருஷமாவது இருந்தது.

இப்போது பாலக்காடு தொழில் நகரம். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 12 தொழில் நகரங்களில் இதுவும் ஒன்று. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். இங்கே பாலக்காட்டில் இருக்கும் புதுசேரி பஞ்சாயத்துப் பக்கமும் கண்ணம்பிராவிலும் நிலம். மத்தியில் ஒரு கட்சி, மாநிலத்தில் வேறொரு கட்சி இருந்தபோதே இரண்டு பக்கமும் சேர்ந்து நகர்த்திய திட்டம் என்பதால் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் பாப்பா நாலு வருஷத்தில் படித்து முடிப்பாள். அந்த நகரம் அவளுக்காக நாள் பார்த்துத் திறக்காது. வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பி ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

சரி, எதில் சேர்ப்பது?

தொழிற்சாலை வேலை, டெக்னாலஜி வேலை என்று இரண்டு தனித்தனி உலகம் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்கள் ஃபர்னஸ் பக்கம் நிற்பவர், உங்களுக்கே தெரியும். முன்பெல்லாம் உருகிய இரும்பின் நிறத்தைப் பார்த்தே பக்குவம் சொல்லும் ஆள் இருந்தார். இப்போது ஒரு துண்டு மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பினால் ஸ்பெக்ட்ரோமீட்டர் கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. பேனல் போர்டில் மெஷினை இயக்கும் சின்ன கம்ப்யூட்டரான பி.எல்.சி. பழுதானால் மொத்த ஷிஃப்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அதைச் சரிசெய்யக் கோயமுத்தூரில் இருந்து ஒருவர் காரில் லேப்டாப்போடு வருகிறார், ஒரு மணி நேரம் பார்க்கிறார், போகிறார். அவர் படித்தது எலக்ட்ரானிக்ஸோ, அளக்கும் கருவி, கட்டுப்படுத்தும் கருவி பற்றிய இன்ஸ்ட்ருமென்டேஷனோ ஆகத்தான் பெரும்பாலும் இருக்கும். அடுத்த முறை வரும்போது என்ன படித்தார், எங்கே வேலை பழகினார் என்று நீங்களே கேளுங்கள். நான் சொல்வதைவிட அது உங்களுக்கு உதவும்.

பாப்பாவுக்குக் கணக்கும் பிசிக்ஸும் நன்றாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் என் முதல் யோசனை இன்ஸ்ட்ருமென்டேஷன் அல்லது எலக்ட்ரானிக்ஸ். மருந்துக் கம்பெனி, சிமென்ட், குடிநீர் வாரியம், மின்சாரம், ஐ.டி. என்று எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அந்தப் பக்கம் போக முடியும். இந்தத் துறையில் நம் ஊருக்கு வேரும் உண்டு. வால்வு செய்யும் இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் 1970களிலேயே கஞ்சிக்கோட்டுக்கு வந்தது. தண்ணீர், எண்ணெய் ஓட்டத்தை அளக்கும் மீட்டர்களைச் சோதித்துச் சான்று தரும் எஃப்.சி.ஆர்.ஐ.யும் இங்கேதான் இருக்கிறது. அகத்தேத்தறை என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவே இருக்கிறது. வீட்டில் இருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. அவளுக்கு அதில் நிஜமான ஆசை இருந்து, கீம் என்ற கேரள பொறியியல் நுழைவுத் தேர்வு ரேங்கில் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் மெரிட் இடம் கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். நிலத்தை அடகு வைத்துப் பெயர் தெரியாத கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். 2025ல் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுத்துப் பழக்கும் சின்னச் சின்ன கோடிங், டெஸ்டிங் வேலைகளை இப்போது ஏ.ஐ. செய்கிறது. சுமாரான கல்லூரியில் சுமாராகப் படித்துவிட்டு வரும் பிள்ளைக்குத்தான் முதல் அடி விழும்.

கோயமுத்தூர் பற்றி இன்னொன்று. நாம் பேசுவது தமிழ், பாப்பா படித்ததும் தமிழ் மீடியம், கோயமுத்தூர் உக்கடத்துக்குப் போகும் பஸ் வாசலில் நிற்கிறது, அதனால் தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் இடம் கிடைத்துவிடும் என்று எல்லை ஊர்களில் பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. எட்டாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூர்வீகம் தமிழ்நாடு என்ற சான்று வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அங்கே படித்தவர்களுக்குத்தான். நீங்கள் சொன்ன அந்த ஏஜென்ட் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்.

கீம் ரேங்க் சரியாக வரவில்லை என்றால் இடிந்து போக வேண்டாம். பிளஸ் டூவில் கணக்கு, அறிவியல் படித்தவர்கள் கேரள பாலிடெக்னிக்கில் லேட்டரல் என்ட்ரியாக நேரே இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடித்து எல்.இ.டி. (லேட்டரல் என்ட்ரி டெஸ்ட்) எழுதினால் பி.டெக்.கிலும் இரண்டாம் வருஷம் சேரலாம். கொஞ்சம் சுற்று வழிதான், ஆனால் செலவு மிகக் குறைவு. நடுவிலேயே வேலை கிடைத்தாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். டிப்ளமோ ஆனாலும் டிகிரி ஆனாலும் முடித்ததும் ஒரு வருஷம் அப்ரென்டிஸ் போகச் சொல்லுங்கள். சம்பளம் குறைவு என்று பார்க்காதீர்கள், மெஷினைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு இன்டர்வியூவில் பயம் போய்விடும்.

அப்புறம், தமிழ் மீடியத்தில் படித்தது அவளுக்குக் குறை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே கேரள அரசுப் பணித் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) தனியாக கிளார்க் வேலைக்கு ஆள் எடுக்கிறது. மலையாளத்தைத் தப்பில்லாமல் எழுதப் படிக்க இப்போதே பழகிக்கொள்ளட்டும். இங்கிலீஷ் பேசும் கூச்சம் ஆறு மாதத்தில் போகும், அதற்காக எலக்ட்ரானிக்ஸை விட வேண்டியதில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது, வில்லேஜ் ஆபீஸில் வருமானச் சான்று, நேட்டிவிட்டி (பூர்வீகச் சான்று), பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குக் கேட்கும் நான் கிரீமி லேயர் மூன்றுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். அப்பா பெயரின் இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தால் கடைசி நேரத்தில் அலைய வேண்டி வரும். ஏஜென்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதீர்கள். பாப்பாவை ஒருமுறை என்னிடம் பேசச் சொல்லுங்கள். அவளுக்கு எது பிடிக்கும் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.