ஏர்கான் வேக்குவம் பம்ப்பில் ஆயிலை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி?

வேக்குவம் பம்ப் என்பது ஏர்கான் மாட்டும்போது குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் மெஷின். அதன் ஆயிலுக்கு மாதக் கணக்கே வேண்டாம். ஒவ்வொரு வேலையிலும் ஸ்விட்ச் போடுவதற்கு முன், உள்ளே ஆயில் தெரியும்படி பம்ப்பில் இருக்கும் சின்னக் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் தெளிவாக, இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். கலங்கியிருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், நேற்று மாற்றியதாக இருந்தாலும் சரி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிங்கப்பூர் செங்காங்கில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சிஸ்டம் த்ரீ, அதாவது வெளியே ஒரு யூனிட், உள்ளே மூன்று யூனிட் உள்ள ஏர்கான் மாட்டினோம். ஒரு மணி நேரம் பம்ப்பை ஓட்டியும் மைக்ரான் கேஜ் (உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தை மைக்ரான் அளவில் காட்டும் மீட்டர்) 1,800க்குக் கீழே இறங்கவில்லை. 500க்குக் கீழே போக வேண்டும். குழாயில் கசிவு என்று நினைத்து நைட்ரஜன் ஏற்றி, ஒவ்வொரு நட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழிகூட இல்லை. மூத்தவர் ஒருவர் வந்து, ஹோஸைக் கழற்றிவிட்டு கேஜை நேராகப் பம்ப்பிலேயே மாட்டச் சொன்னார். அப்போதும் அதே 1,800. "கண்ணாடியைப் பாருடா" என்றார். உள்ளே ஆயில் காப்பிக்கடை தே (பால் டீ) மாதிரி வெளிறிக் கிடந்தது. சூடாக இருக்கும்போதே அதை வடித்து, புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்றினோம். அரை மணியில் 500க்குக் கீழே வந்துவிட்டது.

காரணம் நம் ஊர்க் காற்றின் ஈரம். சாதாரணக் காற்றழுத்தம் 760,000 மைக்ரான். அதைச் சுமார் 32,000க்கு இறக்கினாலே 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். குழாய் காய்வது இப்படித்தான். ஆனால் அந்த ஆவி பம்ப் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உள்ளே அழுத்தப்படும்போது அது மறுபடி தண்ணீராகி ஆயிலில் கலக்கிறது. ஈரம் கலந்த ஆயிலால் ஆழமான வேக்குவம் தர முடியாது. பம்ப்பில் இருக்கும் கேஸ் பலாஸ்ட் என்ற சின்ன மூடியைப் பலர் தொடுவதே இல்லை. ஆரம்பத்தில் அதைத் திறந்து வைத்தால் கொஞ்சம் வெளிக்காற்று உள்ளே போய், ஆவி தண்ணீராகும் முன்பே அதை வெளியே தள்ளிவிடும். அழுத்தம் சில ஆயிரம் மைக்ரானுக்கு இறங்கியதும் மூடிவிடுங்கள்.

இனி பாதுகாப்பு. இப்போது வரும் ஏர்கான்களில் பெரும்பாலும் ஆர்32 கேஸ்தான். அது தீப்பற்றக்கூடியது. பழைய கேஸை முதலில் ரெக்கவரி மெஷினில் (கேஸை உறிஞ்சி சிலிண்டரில் சேர்க்கும் மெஷின்) எடுத்துவிட வேண்டும். வேக்குவம் பம்ப்பால் கேஸை இழுக்கவே இழுக்காதீர்கள். அதன் ஸ்விட்ச் பொறியில் தீ பிடிக்கலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பம்ப் கக்கும் ஆயில் புகை அறையில் தங்கக் கூடாது. அந்தப் புகை வரும் வாயைத் துணியால் அடைக்கவும் கூடாது. மழையில் நனைந்த லெட்ஜில் (வெளி யூனிட் வைக்கும் திட்டு) எக்ஸ்டென்ஷன் வயரைக் கிடத்தாதீர்கள். இங்கே மின்சாரம் 230 வோல்ட். ஓடி முடித்த பம்ப் நன்றாகச் சூடாக இருக்கும், கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள்.

நிறுத்தும்போது முதலில் வால்வு, அப்புறம் ஸ்விட்ச். மாற்றிச் செய்தால் பம்ப் ஆயில் குழாய்க்குள் ஏறிவிடலாம். வால்வை மூடிய பிறகு கேஜைப் பத்து நிமிடமாவது பாருங்கள். 500க்கு மேலே ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கலாம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. கேஸ் விடும்வரை யாரும் ஏர்கானை ஆன் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேக்குவத்தில் கம்ப்ரசர் ஓடினால் அதன் காயில் எரிந்துபோகலாம்.

வடித்த ஆயிலை சிங்க்கிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். டப்பாவில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு எண்ணெய் நிறுவனத்திடம் கொடுங்கள். லாரியில் ஏற்றும் முன் பம்ப்பின் இரண்டு வாயையும் மூடி, நிமிர்த்தி வையுங்கள். மூடி தொலைந்திருந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள், ராத்திரி முழுக்க அந்த வாய் திறந்திருந்தாலே ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.