பழைய கோ-கார்ட்டுக்கு 4000 ராண்ட் போதுமா?

கேள்வி: அண்ணா, நாங்க தென்னாப்பிரிக்காவுல டோங்காட் பக்கம், கரும்புக்காட்டு ஓரமா இருக்கோம். மாமா ஷெட்ல கிடந்த ஆஃப்-ரோட் கோ-கார்ட்ட பக்கியில (பிக்கப் வண்டியில) ஏத்திட்டு வந்தேன், 196 சிசி இன்ஜின். ஸ்டார்ட் ஆகுது, ஆனா மேடு ஏறினா கிளட்ச் கருகுற வாசனை வருது. ஃபிரேம்ல துரு வேற. கையில 4000 ராண்ட்தான். கவர்னர கழட்டிட்டா பிச்சுக்கிட்டு போகும்னு ஃப்ரெண்டு சொல்றான், கழட்டலாமா?

பதில்: வேண்டாம்பா, கவர்னர்ல மட்டும் கை வைக்காத. அந்த மாதிரி இன்ஜின் வேகத்த 3600 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு அத்தன சுத்து) தாண்டாம பிடிச்சு வைக்கிறதே அதுதான், அது இல்லாம ஓட்டினா கனெக்டிங் ராடு உடையலாம், இன்ஜினோட சுத்துற கனமான வார்ப்பிரும்பு சக்கரம், அதான் ஃப்ளைவீல், அது வெடிச்சா துண்டு உன் முதுகுக்குத்தான் வரும்.

முதல்ல ஃபிரேம். கடல்காத்துல பைப்பு உள்ளேருந்து அரிக்கும், மேல பெயிண்ட் பளபளன்னுதான் இருக்கும், அதனால வயர் பிரஷ் போட்டு தேய்ச்சிட்டு ஒவ்வொரு வெல்டிங் பக்கத்துலயும் சுத்தியால தட்டிப் பாரு, கணீர்னு இல்லாம மந்தமா சத்தம் வந்தா அந்த இடத்த வெட்டி புதுசா வெல்டிங் வைக்கணும். அப்புறம் பிரேக், டை ராடு எண்டு (ஸ்டியரிங்க முன் சக்கரத்தோட சேர்க்கிற மூட்டு) ரெண்டையும் பாரு.

கிளட்ச் விஷயம் என்னன்னா, சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் (இன்ஜின் வேகமா சுத்தினா தானா பிடிக்கிற வகை) 2000 ஆர்பிஎம் வாக்குலதான் பிடிக்கும், மெதுவா மேடு ஏறும்போது வழுக்கி வழுக்கி சூடாகுது. டார்க் கன்வெர்ட்டர் (மேட்டுக்கு ஏத்த மாதிரி தானா கியர் மாறுற பெல்ட் செட்) போட்டா நல்லது, இப்போதைக்கு காசு இல்லன்னா பின்னாடி பெரிய ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல்சக்கரம்) மாட்டு, வேகம் குறைஞ்சாலும் இழுவை கூடும். முன்னாடி 10 பல்லு, பின்னாடி 60, 18 இஞ்ச் டயர்னா மணிக்கு 50 கிலோமீட்டர் வரும், கரும்புக்காட்டு மண் ரோட்டுக்கு அதுவே ஜாஸ்தி. கார்புரேட்டர நீயே கழுவிக்கோ, மிச்சமாகுற காசுல சீட் பெல்ட்டும் ஹெல்மெட்டும் வாங்கு தம்பி.