கவசத்துக்குள் முகம் தெரிகிறதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ‘மெட்ராய்ட் பிரைம்’ வீடியோ கேமின் நாயகி சாமஸ் ஆரனின் சேகரிப்புச் சிலை ஒன்றை வாங்கியிருக்கிறேன். வாங்க நினைக்கும் மற்றவர்களுக்காக அதை மதிப்பிட்டு எழுத ஆசை. ‘அழகாக இருக்கிறது, கனமாக இருக்கிறது’ என்பதற்கு மேல் ஒரு வரிகூட ஓடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், மதுரை

பதில்: விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். பலர் பெட்டியிலிருந்து தொடங்கி, தெர்மோகோல் எத்தனை அடுக்கு என்பதற்கே பாதிப் பக்கத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரைச் சேர்ந்த ரெட்ரோ ஸ்டூடியோஸ் உருவாக்கி, 2002 நவம்பரில் நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்காக வெளிவந்த ‘மெட்ராய்ட் பிரைம்’, அதுவரை திரையில் பக்கவாட்டில் ஓடியும் குதித்தும் வந்த சாமஸின் ஹெல்மெட்டுக்குள் நம்மைக் குடியேற்றிய விளையாட்டு. நீராவி வரும் இடத்தில் நடந்தால் நம் கண்ணுக்கு முன்னால் வைசரில், அதாவது ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியில், பனி படியும். மழையில் நிமிர்ந்து பார்த்தால் துளிகள் விழும். அருகில் ஏதேனும் வெடித்து வெளிச்சம் பாய்ந்தால் கண்ணாடியின் உட்புறத்தில் அவளுடைய கண்கள் ஒரு நொடி பிரதிபலித்து மறையும். அவளை வெளியிலிருந்து பார்ப்பதெல்லாம் அவள் பந்தாகச் சுருண்டு உருளும்போதும், ஆட்டத்தைச் சேமிக்கும் நிலையங்களிலும், சில இடைக்காட்சிகளிலும் மட்டும்தான். ஆகவே இந்த விளையாட்டை ஆடி முடித்தவருக்கு வைசரும் வலக்கைப் பீரங்கியும் மனப்பாடமாகியிருக்கும். முதுகோ முழங்காலோ அந்த அளவுக்குப் பழக்கப்பட்டிருக்காது. உங்கள் மதிப்பீடும் அந்த வரிசையிலேயே போகட்டும்.

முதலில் வைசர். பச்சை நிறத்தில் பளபளப்பான வண்ணத்தைப் பூசி விட்டுவிட்டார்களா, ஒளி புகும் பிளாஸ்டிக்கைப் பதித்து அதற்குப் பின்னால் முகத்தைச் செதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். கைபேசியின் டார்ச்சை நெற்றிக்கு நேராகப் பிடிக்காமல், கன்னத்தின் பக்கமிருந்து சாய்வாகப் பிடித்தால் இது உடனே தெரிந்துவிடும். நேராக அடிக்கும் வெளிச்சத்தை வைசர் திருப்பி நம் மேலேயே வீசும். சாய்வாக வரும் வெளிச்சம் உள்ளே நுழைந்து இமையையும் மூக்கின் விளிம்பையும் காட்டும். முகம் இருந்தால், அதன் பார்வை எங்கே போகிறது என்பதையும் எழுதுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க, உள்ளேயுள்ள கண்கள் வேறெங்கோ வெறித்துக்கொண்டிருந்தால் மற்ற வேலைப்பாடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சிலைக்கு உயிர் வராது.

அடுத்தது பீரங்கி. விளையாட்டில் எக்ஸ்ரே வைசரை இயக்கினால், பீரங்கிக்குள் இருக்கும் அவளுடைய கையின் எலும்புகள் தெரியும். கதிர் ஆயுதத்தை மாற்றும்போது விரல்களின் நிலைகூட மாறும். அதாவது, அது கையை வெட்டிவிட்டுப் பொருத்திய குழாய் அன்று. கை முழுதாக அதற்குள் இருக்கிறது. இதை மனத்தில் கொண்ட சிற்பி, முழங்கையிலிருந்து பீரங்கி தொடங்கும் இடத்தில் ஒரு முன்கை நுழைவதற்கான பருமனைக் கொடுத்திருப்பார். இடது முன்கையையும் பீரங்கியின் பின்பகுதியையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால், சிற்பி படத்தைப் பார்த்திருக்கிறாரே தவிர விளையாடியதில்லை என்று நான் முடிவு கட்டிவிடுவேன். கொஞ்சம் கடுமையான தீர்ப்புதான், ஆனாலும் மாற்றிக்கொள்வதாக இல்லை.

தோள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய உருண்டைத் தோள்கள், சாமஸின் சாதாரணக் கவசத்தின் மேம்பட்ட வடிவமான ‘வேரியா’ கவசத்தின் அடையாளம். 1986இல் வந்த முதல் ‘மெட்ராய்ட்’ விளையாட்டில் அந்தக் கவசம் நிற மாற்றத்தால் மட்டுமே வேறுபட்டது. 1991இல் இரண்டாம் பாகம் கேம்பாய் கருவிக்கு வந்தபோது, அந்தத் திரையில் வண்ணமே கிடையாது என்பதால், வேறுபாட்டைக் காட்ட உருவத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. உருண்டைத் தோள்கள் நிலைபெற்றது அப்போதுதான். அவ்வளவு பெரிய தோள்களை வைத்துக்கொண்டு கழுத்து புதைந்துபோகாமல் தலையை நிறுத்துவது சிற்பிக்குச் சிரமமான வேலை. முன்னாலிருந்து எடுத்த படத்தில் இது தெரியாது. பின்னாலிருந்து, சற்று மேலே நின்று எடுத்த ஒரு படத்தையும் கட்டாயம் சேர்த்து வெளியிடுங்கள்.

கேள்வி: என் மகன் இந்தச் சிலையைக் கேட்டு அடம்பிடிக்கிறான். பார்த்தால் ரோபோ மாதிரி இருக்கிறது. அவனோ ‘அவள்’ என்கிறான். யார் இது?
– வாசகி, ஈரோடு

பதில்: மகன் சொல்வது சரி. சாமஸ் ஆரன் விண்வெளியில் குற்றவாளிகளை வேட்டையாடும் பெண். சோசோ என்னும் பறவை போன்ற வேற்றுலக இனத்தாரிடம் வளர்ந்தவள். அவள் அணிந்திருக்கும் கவசமும் அவர்கள் தந்ததே. 1986இல் ஜப்பானில் வெளிவந்த முதல் விளையாட்டை ஆடியவர்கள் ஒரு ஆணையோ ரோபோவையோ நடத்திச் செல்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஆட்டத்தை முடித்தவர்களுக்கு மட்டும் இறுதியில் உள்ளே இருப்பவள் பெண் என்பது காட்டப்பட்டது. வாங்கிக் கொடுப்பதா என்பது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் இவை விளையாட்டுப் பொம்மைகள் அல்ல, அலமாரியில் நிறுத்தி வைக்க வேண்டியவை என்பதை மட்டும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரே சிலை ரெசினில் (அச்சில் வார்த்து இறுகவைக்கும் பிசின்) ஒரு விலையும் பிவிசியில் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) அதைவிட மிகக் குறைந்த விலையுமாக விற்கிறது. மதிப்பிடும்போது இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: வைக்கக் கூடாது. ஃபர்ஸ்ட் ஃபோர் ஃபிகர்ஸ் நிறுவனமே சாமஸைப் பெரிய ரெசின் சிலையாகவும், ஏறத்தாழ 11 அங்குல உயரத்தில் பிவிசியாகவும் வெளியிட்டிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு பணப்பைகளுக்கானவை; வெவ்வேறு குறைகளுக்கும் உரியவை.

ரெசின் சிலைகளில் பெரும்பாலும் கல்தூள் கலந்திருக்கும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், தூக்கினால் கை வலிக்கும், கீழே விழுந்தால் வளையாது, உடையும். அங்கே விளிம்புகளைப் பாருங்கள்: கவசத் தகடுகள் சேரும் பள்ளங்களில் காற்றுக் குமிழியின் தடம் இருக்கிறதா, மணல்தாள் தேய்த்த இடத்தில் கூர்மை மழுங்கியிருக்கிறதா, பீடத்தில் பாதத்தைச் செருகும் தண்டு தள்ளாடாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். பிவிசி இலேசானது, சின்ன அடிக்கெல்லாம் அசராது. ஆனால் வெப்பத்தில் இளகும். உடலின் எடை முழுவதையும் ஒரே கணுக்காலில் தாங்கும் தோரணை என்றால், மேற்குச் சன்னல் ஓரத்தில் வைத்த சிலை ஒரே கோடையில் சாயத் தொடங்கிவிடலாம். சாய்ந்த பகுதியை வெந்நீரிலோ தலைமுடி உலர்த்தியின் வெப்பத்திலோ இளக்கி, நிமிர்த்திப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் ஆறவிட்டால் பெரும்பாலும் சரியாகும். எல்.இ.டி. உள்ள சிலையில் வெந்நீர் வைத்தியம் வேண்டாம்.

வண்ணப்பூச்சைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே விதி. முன்பதிவுக்காக வெளியிடும் படங்களில் இருப்பது பொதுவாகக் கையால் வண்ணம் தீட்டிய மாதிரிச் சிலை. நம் வீட்டுக்கு வருவது தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் பூசி அனுப்பியது. வேரியா கவசத்தில் சிவப்பு ஹெல்மெட், ஆரஞ்சு–மஞ்சள் தகடுகள், பச்சைப் பீரங்கி எனப் பல நிறங்கள் அருகருகே சந்திக்கின்றன. ஒரு நிறம் மற்றொன்றின் எல்லைக்குள் கசிந்திருக்கிறதா என்பதை மார்பிலும் இடுப்பிலும் தேடுங்கள். முன்பதிவுப் படத்தையும் உங்கள் சிலையையும் ஒரே கோணத்தில் அருகருகே வெளியிட்டால், பத்துப் பத்தி விளக்கத்தைவிட வாசகருக்கு அது உதவும்.

கேள்வி: விளக்கு எரியும் ‘எக்ஸ்குளூசிவ்’ பதிப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்கிறார் நண்பர். உங்கள் கருத்து?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மற்றப் பாத்திரங்களுக்கென்றால் உங்கள் நண்பரோடு சேர்ந்துகொள்வேன். சாமஸுக்கு ஒளி அலங்காரமன்று. விளையாட்டில் வைசரும் பீரங்கியும் ஒளிர்பவை. ஆனால் எப்படி எரிகிறது என்பதில்தான் விஷயம். வைசருக்குள் விளக்கை முகத்துக்கு முன்னால் வைத்தால் கண் கூசுகிறதே தவிர முகம் மறைந்துவிடுகிறது. ஓரத்திலிருந்து மங்கலாகப் பரவவிட்டால்தான் உள்ளே ஆள் இருப்பது புலப்படும். தோளும் ஹெல்மெட்டும் சேரும் இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்பதை அறையை இருட்டாக்கிப் பாருங்கள். மின்சாரம் பேட்டரியிலிருந்து வருகிறதா, யு.எஸ்.பி. கம்பியிலிருந்தா, சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதையும் மறவாமல் எழுதுங்கள். சிலையைக் கவிழ்த்துப் பேட்டரி மாற்ற வேண்டிய அமைப்பு என்றால், கனமான ரெசினில் அது அபாயம்.

கேள்வி: சிலை ‘கால் அளவு’ (நிஜ உயரத்தில் 1/4) என்று போட்டிருக்கிறார்கள். அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், சேலம்

பதில்: நாடாவை எடுத்து அளக்க வேண்டியதுதான். 1994இல் ‘சூப்பர் மெட்ராய்ட்’ வந்த காலத்து நின்டெண்டோ வழிகாட்டி நூல் சாமஸின் உயரத்தை 6 அடி 3 அங்குலம் என்கிறது. அதாவது சுமார் 190 செ.மீ. நான்கில் ஒரு பங்கு 47.5 செ.மீ. அது கவசத்தோடு சேர்த்தா, கவசமில்லாமலா என்று ரசிகர்கள் இன்னும் சண்டையிட்டுக்கொள்கிறார்கள் என்பதால் ஓரிரு செ.மீ. விட்டுக்கொடுக்கலாம். பீடத்தின் உயரத்தைக் கழித்துவிட்டு அளக்க வேண்டும். காலை அகட்டி, முழங்காலை மடக்கி நிற்கும் சிலை நேராக நின்றால் இருக்கும் உயரத்தைவிடக் குறைவாகவே காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். விளம்பரங்களில் போடும் உயரம் பெரும்பாலும் பீடத்தையும் சேர்த்தது. அலமாரியின் தட்டு உயரத்தைப் பார்க்கும்போது மட்டும் அந்த எண் பயன்படும்.

கேள்வி: பழைய சிலை ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. போலியாக இருக்குமோ என்று பயம். விலை பின்னால் ஏறும் என்றும் விற்பவர் சொல்கிறார்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பயம் நியாயமானதே. அசல் சிலையிலிருந்து அச்செடுத்து வார்க்கும் போலிகள் உண்டு. ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்குவதால் அந்தப் பிரதிகள் அசலைவிடச் சிறிதளவு சிறுத்திருக்கும். தகடுகளின் கோடுகள் சோப்பில் செதுக்கியவை போல மழுங்கியிருக்கும். விற்பவரிடம் பீடத்தின் அடிப்பக்கப் படத்தைக் கேளுங்கள்: பதிப்பு எண், உற்பத்தியாளர் பெயர், நின்டெண்டோவின் உரிமக் குறிப்பு ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். பீரங்கியின் வாயை நேர்எதிரே வைத்து எடுத்த படம் ஒன்றும், வைசரைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். அவற்றை அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். ஒட்டிய முறிவு இருந்தால், விலையில் அது தெரிய வேண்டும்.

விலை ஏறுவதைப் பற்றி: சில ஏறுகின்றன, அதே சிலையை நிறுவனம் மறுபடி வெளியிட்டால் இறங்குகின்றன. பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் விலை கூடும் என்று விற்பவர் சொல்வார். திறக்காத பெட்டிக்குள் பிவிசி பிசுபிசுத்துப் போவதும், வைசர் தனியே கழன்று கிடப்பதும் உண்டு என்பதால், பணம் கொடுப்பதற்கு முன் அவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.