எந்தத் துணிக்கு எந்தக் குண்டூசி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மிச்சத் துணிகளைச் சதுரமாக வெட்டிச் சேர்த்து குவில்ட் போர்வை தைக்கப் பழகிவருகிறேன். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் நான்கு சதுரங்கள் கூடும் மூலை பொருந்த மாட்டேன் என்கிறது. என்னிடம் இருப்பது ஸ்டேஷனரி கடையில் வாங்கிய குண்டூசி. இணையத்தில் தேடினால் முத்துத் தலை, கண்ணாடித் தலை, பூத் தலை என்று ஏகப்பட்டது வருகிறது. எதை வாங்கட்டும்?
– வாசகி, மதுரை

பதில்: அந்த ஸ்டேஷனரி குண்டூசியைத் துணிப் பக்கமே கொண்டுவராதீர்கள். தாள் குத்துவதற்காகச் செய்தது அது. தடிமன் அதிகம், முனையிலும் கூர்மை போதாது. துணியின் இழைகளை விலக்கிக்கொண்டு நுழைய வேண்டிய ஊசி, இழையைக் கிழித்துக்கொண்டு போகும்.

உங்கள் மூலைகள் பொருந்தாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். குண்டூசி உள்ளே போய் வெளியே வரும் இடத்தில் துணி அதன் மேல் ஏறி மேடு தட்டும். ஊசி எவ்வளவு தடியோ அவ்வளவு பெரிய மேடு. மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் அந்த மேட்டில் ஏறும்போது மேல் துணி கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிடும். சட்டையோ பாவாடையோ தைக்கும்போது இது தெரியாது. குவில்ட்டில் தையலுக்கு விடுவதே கால் அங்குலம்தான். ஒரு வரிசையில் 12 சதுரம் என்றால் 11 தையல். ஒவ்வொன்றிலும் 1 மி.மீ. தவறினால், தவறு எல்லாம் ஒரே பக்கமாகச் சேரும்போது வரிசையின் கடைசியில் 11 மி.மீ. வித்தியாசம் வந்து நிற்கும். கிட்டத்தட்ட அரை அங்குலம்!

ஆகவே வாங்கும்போது தலையின் நிறத்தையும் வடிவத்தையும் பார்ப்பதற்கு முன்னால் தண்டின் தடிமனைப் பாருங்கள். நல்ல பெட்டிகளில் மி.மீ. கணக்கில் அச்சிட்டிருக்கும். சதுரங்களைச் சேர்க்க 0.4 அல்லது 0.5 மி.மீ. போதும். 0.6 கொஞ்சம் தடித்த துணிக்கு. 0.7, 0.8 எல்லாம் ஜீன்ஸ், திரைச்சீலை, மெத்தை உறை போன்றவற்றுக்கு. தடிமனே போடாத பெட்டியை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். விலையைக் கூட்டிச் சொல்கிறவரும் குறைத்துச் சொல்கிறவரும் அந்த ஒரு எண்ணைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை.

நீளத்துக்கு வேறு கணக்கு உண்டு. சில பெட்டிகளில் 17, 24, 28 என்று அளவு எண் போட்டிருப்பார்கள். அது அங்குலத்தை 16 பாகமாகப் பிரித்துச் சொல்வது. 17 என்றால் 17/16 அங்குலம், சுமார் 27 மி.மீ. 28 என்றால் ஒன்றே முக்கால் அங்குலம், சுமார் 44 மி.மீ. சதுரங்கள் சேர்க்க 35 மி.மீ. அளவில் இருந்தால் கைக்கு வாகாக இருக்கும். மிக மெல்லிய ஊசி நீளமாகவும் இருந்தால் சீக்கிரம் வளையும்.

இப்போது தலைக்கு வருவோம். முத்து போலப் பளபளப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். குவில்ட் தைப்பவர் ஒவ்வொரு தையலையும் அயர்ன் செய்தாக வேண்டும். சூட்டில் பிளாஸ்டிக் உருகித் துணியிலும் ஒட்டும், அயர்ன் பாக்ஸிலும் ஒட்டும். கண்ணாடித் தலை உருகாது. எனவே உங்களுக்குக் கண்ணாடித் தலைதான். பூத் தலை தட்டையாக இருப்பதால் அதன் மேல் ஸ்கேலைப் படிய வைத்து வெட்டலாம், அது நல்ல வசதி. ஆனால் பூவும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். சூடு தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் ஒழிய, அயர்ன் செய்யும் முன் எடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு பெட்டிதான் வாங்க முடியும் என்றால்: 0.5 மி.மீ. தடிமன், 35 மி.மீ. நீளத்தை ஒட்டி, கண்ணாடித் தலை. ஜப்பானின் குளோவர் 0.4 மி.மீ. அளவிலேயே கண்ணாடித் தலை ஊசி செய்கிறது. சதுரம் சேர்க்க அருமையானது, ஆனால் கெட்டித் துணியில் வளைந்துவிடும். நம் நீலகிரியில், கேத்தியில் இருக்கும் ஊசித் தொழிற்சாலையின் போனி பெயரிலும் தையல் குண்டூசிகள் கிடைக்கின்றன. எந்தப் பெயரானாலும் தடிமனைப் பார்த்து வாங்குங்கள்.

ஊசி நல்லதாக இருந்தாலும் குத்தும் முறை தவறினால் மூலை சேராது. இரண்டு வரிசைகளின் தையல் மடிப்புகளையும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்க அயர்ன் செய்யுங்கள். மேல் வரிசையின் மடிப்பு வலப்பக்கம் சாய்ந்தால் கீழ் வரிசையின் மடிப்பு இடப்பக்கம் சாயட்டும். இரண்டையும் சேர்த்து வைத்து விரலால் தள்ளினால் மடிப்புகள் ஒன்றோடொன்று முட்டி நிற்பது கைக்கே தெரியும். இரண்டு தையல்களும் சந்திக்கும் அந்தப் புள்ளியில் ஒரு ஊசியை நேர் செங்குத்தாக இறக்குங்கள், சாய்த்து வெளியே எடுக்க வேண்டாம். அது நிற்கும்போதே அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஊசி குத்திவிட்டு நடு ஊசியை உருவிவிடுங்கள். இரட்டைக் கால் உள்ள ஊசியும் விற்கிறார்கள். மடிப்பின் இரு பக்கத்தையும் ஒரே குத்தில் பிடிக்கும். வசதிதான், அவசியமில்லை.

கேள்வி: குண்டூசி மேலேயே மெஷினை ஓட்டலாம், மெல்லிய ஊசி என்றால் ஒன்றும் ஆகாது என்கிறார் தையல் சொல்லிக்கொடுப்பவர். சரியா?
– வாசகர், சேலம்

பதில்: சரியில்லை. பத்து தடவை ஒன்றும் ஆகாமல் போகலாம். பதினோராவது தடவை மெஷின் ஊசி குண்டூசியின் மேலேயே இறங்கினால் ஊசி உடைந்து துண்டு தெறிக்கும், முகத்துக்கு நேரே. உடையாமல் வளைந்தாலும், மேல் நூலைப் பிடிக்கக் கீழே சுழலும் ஹூக்கில் இடித்து, ஊசியும் ஹூக்கும் சேர்ந்து இயங்கும் டைமிங் கெட்டுவிடும். அப்புறம் மெக்கானிக்கிடம் போக வேண்டும். தையலுக்குக் குறுக்காக, தலை வலது கைப் பக்கம் இருக்கும்படி குத்துங்கள். பிரஷர் ஃபுட் நெருங்கும்போது ஒவ்வொன்றாக உருவுங்கள். அதற்கு ஆகும் நேரம் ஒரு ஊசி மாற்றும் நேரத்தைவிடக் குறைவு.

கேள்வி: பட்டு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது முன்பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஓட்டை. குண்டூசியால் வந்தது என்று தையல்காரர் ஒப்புக்கொள்கிறார். போகுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இழை விலகியிருந்தால் குறையும், அறுந்திருந்தால் போகாது. துணியின் உள்பக்கத்திலிருந்து நகத்தின் பின்புறத்தால் குறுக்கும் நெடுக்குமாக லேசாக நீவிப் பாருங்கள். இழை நகர்ந்து மூடிக்கொண்டால் நல்லது. மூடாவிட்டால் அந்த இடத்தில் ஒரு சின்ன எம்ப்ராய்டரிதான் வழி.

அடுத்த முறை துணி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: குண்டூசி குத்தினால் தையலுக்கு விடும் ஓரத்துக்குள் மட்டும் குத்த வேண்டும், ஊசியின் தடிமன் 0.5 மி.மீ. தாண்டக் கூடாது. ஜரிகை இருக்கும் இடத்தில் குத்தவே வேண்டாம். ஜரிகை இழை மேலே எழும்பிவிட்டால் அது பழையபடி படியாது. கிளிப் போடலாம், இல்லை கையால் கச்சா தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போடலாம். ரெக்ஸின், தோல் இரண்டுக்கும் இதே விதி. அவற்றில் ஓட்டை விழுந்தால் நிரந்தரம், ஆகவே கிளிப் மட்டும்தான்.

கேள்வி: குவில்ட்டின் மூன்று அடுக்குகளையும் (மேல் துணி, பஞ்சு ஷீட், அடித் துணி) சேர்த்துப் பிடிக்கக் குண்டூசி போதுமா? சேஃப்டி பின் வேண்டுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தரையில் விரித்துக் குத்தி, மடித்து, மெஷினுக்குள் நுழைக்கும்போது குண்டூசி கழன்று விழும், இல்லாவிட்டால் கையைக் குத்தும். சேஃப்டி பின்தான் சரி. அதிலும் வளைந்த தண்டுள்ளது இதற்கென்றே வருகிறது. தரையோடு படிந்த மூன்று அடுக்கையும் தூக்காமலே குத்தி எடுக்கலாம். ஒரு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான 1ஆம் நம்பர் பெரும்பாலான குவில்ட்டுக்குப் போதும். பஞ்சு ரொம்பத் தடிமன் என்றால் ஒன்றரை அங்குலம் வரும் 2ஆம் நம்பர்.

எத்தனை வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள். 3 முதல் 4 அங்குலத்துக்கு ஒன்று. 60க்கு 90 அங்குலப் போர்வைக்கு 4 அங்குல இடைவெளி என்றால்கூட 300க்கு மேல் ஆகும். 50 உள்ள பெட்டி ஒன்று வாங்கினால் ஒரு மூலைக்குத்தான் காணும். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகக் கச்சா தையல் போடுங்கள். நேரம் ஆகும், பிடிப்பு நன்றாகவே இருக்கும். பின் போட்ட குவில்ட்டை மழைக்காலம் முழுக்க அப்படியே மடித்து வைக்காதீர்கள். துரு இறங்கிவிடும்.

கேள்வி: இணையத்தில் 100 வண்ணத் தலைக் குண்டூசி வாங்கினேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று போட்டிருந்தார்கள். இரண்டே மாதத்தில் துரு, தலையும் கழன்று வருகிறது. எண்ணிப் பார்த்தால் 100 இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கடலோரக் காற்றில் நிக்கல் பூச்சு போட்ட சாதா எஃகு அப்படித்தான் ஆகும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது நம்பகமான சோதனை இல்லை, துருப்பிடிக்காத எஃகிலும் காந்தம் ஒட்டும் வகை உண்டு. ஒரே ஒரு ஊசியை உப்புத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் பழுப்பு படிந்தால் அந்தப் பெட்டியை நல்ல துணிக்கு நம்ப வேண்டாம்.

பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், எண்ணிக்கை, அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளுக்கு எந்த நாட்டில் செய்தது என்பதும் வேண்டும். பெட்டியையும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லும் விற்பனைப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். முதலில் விற்பனைத் தளத்துக்கு எழுத்தில் புகார். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள், இப்படி விட்டுவிடுவதால்தான் அந்தப் பெட்டிகள் விற்றுக்கொண்டே இருக்கின்றன.

கேள்வி: பனியன் துணிக்குத் தனிக் குண்டூசி வேண்டுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டும். முனை உருண்டையாக இருக்கும் பால்பாயின்ட் வகை. கூரான முனை பின்னலின் கண்ணியை அறுத்துவிடும், துவைக்கத் துவைக்க அந்த ஓட்டை ஓடிப் பெரிதாகும். உருண்டை முனை கண்ணிகளுக்கு நடுவே நழுவிப் போய்விடும். அதே ஊசியைப் பாப்ளினில் குத்தப் பார்க்காதீர்கள், நுழையாது. இரண்டையும் தனித்தனி டப்பாவில் வையுங்கள்.