குக்கர் விசில் அடித்தால் ஸ்டாக் கலங்கும்

கேள்வி: மீந்த கோழி எலும்புகளைத் தூக்கிப் போட மனம் வராமல் ஃப்ரீசரில் ஒரு பையில் சேர்த்து வைத்து, போன வாரம் முதல் முறையாக பிரஷர் குக்கரில் ஸ்டாக் (எலும்பை வேகவைத்து வடிக்கும் சாறு) போட்டேன். தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, வெங்காயம், கேரட், முட்டைக்கோஸ் தண்டு, உப்பு, எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும் என்று கொஞ்சம் வினிகர், எல்லாம் சேர்த்து எட்டு விசில் விட்டேன். கழுநீர் மாதிரி கலங்கலாக, நீர்த்துப்போய், ஒரு வாடையோடு வந்தது. ஆறட்டும் என்று அடுப்பிலேயே விட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் திரும்பக் கொதிக்க வைத்தால் போதுமா என்று யோசித்து, பயமாக இருந்ததால் கொட்டிவிட்டேன். சாப்பிட்ட தட்டிலிருந்து எடுத்த எலும்பையா போடுவாய் என்று வீட்டில் வேறு பேச்சு. எங்கே தப்பு? இன்னொரு பை எலும்பு ஃப்ரீசரில் இருக்கிறது.
– ஒரு வாசகி

பதில்: முதலில், நீங்கள் கொட்டியது சரி. அதற்காக வருத்தப்படவே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஸ்டாக் கெட்டது ராத்திரியில் இல்லை, அதற்கு முன்னாலேயே, அந்த எட்டு விசிலில்.

விசில் என்பது பருப்புக்கும் கிழங்குக்கும் சரியான கணக்கு, ஸ்டாக்குக்கு அது உதவாது. எட்டு விசில் என்பது எவ்வளவு நேரம்? பெரிய தீயில் வைத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், சிம்மில் வைத்தால் முக்கால் மணி நேரம் கூட ஆகும், குக்கரின் அளவு, உள்ளே இருக்கும் தண்ணீர், வெயிட்டின் தேய்மானம் என்று எதை மாற்றினாலும் அந்த எண்ணிக்கை மாறும். எலும்புக்கு வேண்டியது நேரம். எலும்பை ஒட்டிய தோல், ஜவ்வு, குருத்தெலும்பு இவற்றில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மெல்ல மெல்ல உடைந்து ஜெலட்டினாக மாறித் தண்ணீரில் இறங்க வேண்டும், அதுதான் ஸ்டாக்குக்கு உடம்பு கொடுக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் இதற்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். குக்கருக்குள் சுமார் 120 டிகிரி வரை போவதால் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் முடிகிறது. பத்து பதினைந்து நிமிடத்தில் உங்கள் குக்கர் எட்டு விசிலை அடித்து முடித்திருந்தால், எலும்பு அப்போதுதான் சூடாகத் தொடங்கியிருக்கும். நீர்த்துப்போனதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கலங்கலுக்கும் விசில்தான் காரணம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். குக்கருக்குள் அழுத்தம் ஒரே நிலையில் நிற்கும்போது தண்ணீர் 120 டிகிரியில் இருந்தாலும் தளதளவென்று கொதிப்பதில்லை. அந்த அழுத்தம் குமிழி எழும்ப விடாது. உள்ளே எல்லாம் அசையாமல் கிடக்கும், எலும்பு பாட்டுக்கு ஊறும், கொழுப்பு மேலே ஏறி ஒதுங்கும், கசடு அடியில் தங்கும். விசில் அடிக்கும் நொடியில் ஆவி குபுக்கென்று வெளியேற, உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்க, அவ்வளவு சூட்டில் இருக்கும் தண்ணீர் மொத்தமாகப் பொங்கிக் கொதிக்கிறது. எலும்புகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன, கொழுப்பு நுண்ணிய துளிகளாகச் சிதறித் தண்ணீரோடு கலந்துவிடுகிறது, அந்தத் துளிகள் மறுபடி ஒன்றுசேராதபடி ஜெலட்டினே பிடித்து வைத்துக்கொள்கிறது. எட்டு முறை இப்படி ஆனால் எந்தத் துணியில் வடிகட்டினாலும் தெளியாது. போதாததற்கு ஒவ்வொரு விசிலிலும் அடுக்களை முழுவதும் மணக்கிறதே, அந்த மணம் ஸ்டாக்கில் இருந்திருக்க வேண்டியது.

இதை நானே ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன். ஒரே கோழியின் எலும்புகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைப் பெரிய தீயில் விசில் விட்டு, இன்னொன்றைச் சத்தமில்லாமல் சிம்மில், இரண்டையும் ஐம்பது நிமிடம் வைத்தேன். வடிகட்டி இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் ஓரம் வைத்து, பின்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்தேன். சிம்மில் வைத்தது இளம் தேன் நிறத்தில் இருந்தது, அதன் வழியே எழுத்தைக் கூட்டிப் படிக்க முடிந்தது. விசில் விட்டது பால் கலந்த டீ மாதிரி இருந்தது, அதன் வழியே என் விரல் கூடத் தெரியவில்லை. வாயில் வைத்தால் வித்தியாசம் இன்னும் கூடுதல். கலங்கலானது நாக்கில் எண்ணெயாகப் படிந்தது, தெளிவானது கோழி மணத்தோடு இறங்கியது.

அதனால் அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். எலும்புகளைக் கையால் உடைத்தோ கத்தியால் இரண்டாக்கியோ குக்கரில் நெருக்கமாக அடுக்குங்கள், முழு எலும்புக்கூட்டை அப்படியே வைத்தால் அதை மூழ்கடிக்கவே நிறையத் தண்ணீர் வேண்டியிருக்கும், நீர்த்துப்போனதன் மீதிப் பாதிக் காரணம் இந்தத் தண்ணீர்தான். எலும்பு மூழ்கி ஒரு விரல் அகலம் மேலே நின்றால் போதும், ஒரு கிலோ எலும்புக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீரில்தான் தொடங்க வேண்டும். எல்லாம் சேர்த்துக் குக்கரின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது, இது ருசிக்காகச் சொல்வது இல்லை, பாதுகாப்புக்காக. மூடி போடாமல் ஒரு கொதி வரும் வரை வைத்து, மேலே எழும்பும் நுரையைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு அப்புறம் மூடுங்கள்.

மூடும் முன் வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்டாக்கில் தோல், இலை, மிளகு என்று மிதக்கிற பொருள்கள் அதிகம், ஏதாவது ஒன்று போய் அதை அடைத்தால் பெரிய ஆபத்து. மிளகையும் இலைகளையும் ஒரு சின்னத் துணியில் முடிந்து போடுகிறவர்கள் இதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆவி நன்றாக வர ஆரம்பித்ததும் வெயிட்டைப் போட்டு, முதல் விசில் வரப்போகிறது என்று அந்த உஸ்ஸென்ற சத்தம் சொல்லுமே, அப்போதே தீயை ஆகக் குறைத்துவிடுங்கள். அங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள், 50 நிமிடம். லேசான உஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கலாம், விசில் கூடாது. ஒன்று தப்பித் தவறி அடித்துவிட்டால் பரவாயில்லை, தீயை இன்னும் குறையுங்கள். உங்கள் அடுப்பின் சிம் பெரிதாக இருந்தால் மிகச் சின்ன பர்னருக்கு மாற்றுங்கள், அதுவும் போதாவிட்டால் குக்கருக்கு அடியில் ஒரு கனமான தோசைக்கல்லை வையுங்கள்.

அடுப்பை அணைத்த பிறகும் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றாதீர்கள், குழாய்த் தண்ணீரிலும் காட்டாதீர்கள். 50 நிமிடம் காத்த பொறுமையை அந்த ஒரு நொடி வீணாக்கிவிடும், உள்ளே எல்லாம் ஒன்றாகப் பொங்கும். இருபது முப்பது நிமிடத்தில் அழுத்தம் தானாக இறங்கும். திறந்ததும் ஒரு எலும்பை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், மூட்டுப் பக்கம் சாக்பீஸ் மாதிரி பொடிந்தால் அதனிடம் இனி வாங்குவதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

இந்தப் பாத்திரம் பிறந்ததே எலும்புக்காகத்தான் தெரியுமா? பிரான்சில் பிறந்த தெனி பாப்பன் 1679-இல் லண்டனில் செய்து காட்டிய இறுக்கமான மூடி போட்ட பாத்திரம்தான் இன்றைய குக்கரின் மூதாதை, எலும்பை மிருதுவாக்குவதுதான் அதன் வேலை. 1682-இல் அதில் சமைத்த விருந்தை உண்ட ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின், மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல மிருதுவாகிவிட்டன என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மாட்டெலும்பே அப்படி என்றால் கோழி எலும்புக்கு ஒரு மணி நேரம் எம்மாத்திரம்!

சரி, வாடைக்கு வருவோம். அது முட்டைக்கோஸ் தண்டு. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், ப்ரோக்கோலி, முள்ளங்கி எதுவும் ஸ்டாக்கில் வேண்டாம், நீண்ட நேரச் சூட்டில் அவற்றின் கந்தக வாடை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். வெங்காயமும் கேரட்டும் போதும், பெரிய துண்டுகளாக, அளவாக. வெங்காயத்தின் காய்ந்த தோலை ஒன்றிரண்டு போட்டால் நல்ல நிறம் வரும். உப்பு போடாதீர்கள். மீந்த எலும்பில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, அது போக ஸ்டாக்கைச் சுண்டவைத்தால் உப்பும் சேர்ந்து கூடும். காரமும் மசாலாவும் அப்பிய எலும்பு என்றால் வெந்நீரில் ஒரு முறை அலசிவிட்டுப் போடுங்கள், கருகிய பகுதியைக் கிள்ளி எறியுங்கள், கசப்பு அங்கிருந்துதான் வரும்.

வினிகர் விஷயத்தில் உங்களை ஏமாற்ற மனம் வரவில்லை. ஒரு கரண்டி வினிகரால் எலும்பிலிருந்து பெரிதாகக் கால்சியம் இறங்கிவிடாது, எலும்பு ஸ்டாக்கில் இருக்கும் கால்சியம் ஒரு டம்ளர் பாலோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சம். ஸ்டாக்கை ருசிக்காகவும் அதன் வழவழப்புக்காகவும் செய்யுங்கள், கால்சியத்துக்குப் பால் குடியுங்கள்.

வெந்த எலும்பு ஒரு முறை சாற்றை விட்டுவிட்ட எலும்பு, இதை மறக்கக் கூடாது. அதில் மணம் மிச்சமிருக்கும், ஜெலட்டின் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அதனால் பச்சையாக நான்கைந்து இறக்கை நுனி, கழுத்து, கிடைத்தால் கோழிக்கால் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். கால் என்றால் தொடையைச் சொல்லவில்லை, நகமுள்ள பாதம். நகத்தை வெட்டி, மஞ்சள் தோலை உரித்துப் போட்டால் மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது பாத்திரத்தைச் சாய்த்தாலும் ஸ்டாக் அசையாமல் கெட்டியாக நிற்கும். அதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி உறைவதுதான் நல்ல ஸ்டாக்கின் அடையாளம், சூடு பட்டதும் உருகிவிடும்.

தட்டு எலும்பு பற்றி வீட்டில் சொல்வதை நான் முழுக்க மறுக்க மாட்டேன், ஆனால் அவர்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. 120 டிகிரியில் ஒரு மணி நேரம் இருந்த எலும்பில் எச்சிலால் வரும் கிருமி உயிரோடு இருக்காது. மேஜையிலேயே மூன்று நான்கு மணி நேரம் கிடந்த எலும்புதான் ஆபத்து. சில பாக்டீரியாக்கள் அந்த நேரத்தில் பெருகி விட்டுவைக்கும் நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்டு முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரீசருக்குப் போன எலும்பை மட்டும் எடுங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் பரிமாறும் முன் சதையைப் பிரித்தெடுத்த எலும்பை மட்டும் சேர்த்துவையுங்கள், யாருக்கும் சங்கடம் இருக்காது.

இதே காரணத்தால்தான் ராத்திரி முழுக்க அடுப்பில் இருந்த ஸ்டாக்கைக் கொட்டியது சரி என்றேன். கனமான குக்கரில் நிறைந்திருக்கும் ஸ்டாக் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், அது ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், கிருமிகளுக்கு ஜெலட்டின் கலந்த வெதுவெதுப்பான சாற்றை விட நல்ல சாப்பாடு ஏது? காலையில் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அது விட்ட நச்சு சாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இனிமேல் வடிகட்டிய உடனே அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கலக்கி ஆற வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். அங்கே மூன்று நான்கு நாள் தாங்கும். மேலே உறைந்து நிற்கும் கொழுப்பை, ஸ்டாக்கைப் பயன்படுத்தும் வரை அப்படியே விடுங்கள், எடுத்த பிறகு அந்தக் கொழுப்பில் வெங்காயம் வதக்கிப் பாருங்கள். ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம் வரை ருசி குறையாது. பாதியாகச் சுண்டவைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் இடமும் மிச்சம், வேண்டியபோது நான்கு கட்டியை எடுத்து அதே அளவு தண்ணீர் விட்டால் போதும். கண்ணாடி பாட்டிலில் ஊற்றுவதாக இருந்தால் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள், உறையும்போது விரிந்து பாட்டில் தெறித்துவிடும்.

வடிகட்டிய எலும்பு மிருதுவாக இருக்கிறதே என்று நாய்க்குப் போடாதீர்கள். மூட்டுப் பக்கம் பொடிந்தாலும் நடுத் தண்டு கூராக உடையும்.

குக்கர் காஸ்கெட்டைக் கழற்றித் தனியாகக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். கோழி வாடை அதில்தான் ஒளிந்திருக்கும், அடுத்த நாள் சாதத்தில் தெரியும். அடிக்கடி ஸ்டாக் போடுவதாக இருந்தால் அதற்கென்று இன்னொரு காஸ்கெட் வாங்கிவிடுவது உத்தமம்.

ஃப்ரீசரில் இருக்கிற அந்த இரண்டாவது பையை வெளியே வைத்து உருக்க வேண்டியதில்லை. உறைந்த எலும்பை அப்படியே பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றலாம், முதல் கொதி வருவதற்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.