கேள்வி நேரம்

கேள்வி: எழுத்தில் பாராட்டு கிடைக்கிறது. அதையே மேடையில் படித்தால் கூட்டம் நெளிகிறது. ஏன்?

பதில்: படிக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் கோளாறு. வாசகர் புரியாத வரிக்குத் திரும்பிப் போகலாம். கேட்பவருக்கு ஏது அந்த வசதி? 20 சொல் வாக்கியத்தைக் கண் தாங்கும், காது தாங்காது.

என் முதல் மேடைக்கு 14 பக்கம் எழுதிக்கொண்டு போனேன். மூன்றாம் பக்கத்தில் முன்வரிசைப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஏழாம் பக்கத்திலும் துடைத்துக்கொண்டிருந்தார்.

1863இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் எவரெட் என்ற பேச்சாளர் பேசியது சுமார் 2 மணி நேரம். அடுத்துப் பேசிய லிங்கனுக்கு 2, 3 நிமிடமே போதுமானதாக இருந்தது. (நீங்களும் அப்படி இறங்கிவிடாதீர்கள், அமைப்பாளர் பதறிப்போவார்.)

இப்போது என் கையில் உள்ளங்கை அளவுச் சீட்டுதான். முதல் வாக்கியம் முழுசாக. மற்றபடி ஆறேழு சொற்கள். ஒரு முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியத்தை முடித்த பிறகே அடுத்த முகம். சிரிப்பு எழுந்தால், அடங்கத் தொடங்கும்வரை வாய் திறப்பதில்லை. இதைப் பழக எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அந்தப் பெரியவரா? கூட்டம் முடிந்ததும் வந்து, “அந்தத் தாளைக் குடுங்க தம்பி, வீட்ல படிச்சுக்கறேன்” என்றார்.