உப்புத்தாளால் தேய்த்த கண்ணாடியில் லேசர் அலை வராது

மோட்டாரில் சுழலும் கண்ணாடிச் சில்லு வழியே பச்சை லேசரைச் செலுத்தி, நெளியும் ஒளித்திரை உண்டாக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்குக் கண்ணாடி மேடுபள்ளமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்ததால்தான் பச்சை லேசர் வெறும் மங்கல் வட்டமாக விழுகிறது.

நுண்கீறல்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சில மில்லிமீட்டர் அகல மேடுகளோ அதை வளைத்துப் பளிச்சென்ற கோடுகளாகக் குவிக்கின்றன. அழகெல்லாம் அந்தக் கோடுகளில்தான். தேய்க்காத சில்லில் நிறமற்ற எபாக்ஸியை (இரு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) சொட்டுச் சொட்டாக விட்டு, தானாகப் பரவி இறுக விடுங்கள்.

இறுகியதும் அதில் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். நெளிந்தாலும் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் சரி. மோட்டார் மிக மெதுவாகச் சுழலட்டும், நிமிடத்துக்கு ஒரு சுற்றே போதும்.

கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பும். வளைந்த பரப்பில் அது எங்கும் பாயலாம். 5 மில்லிவாட் என்று அச்சிட்ட மலிவு லேசர்கள் பல அதைத் தாண்டுகின்றன. லேசரையும் சில்லையும் கண் மட்டத்தில் வைக்கவே வேண்டாம்.